குடற்சுவரில் ஒரு காவலன்

மருந்து கொடுக்கும் வைத்தியர் கூடவே பத்தியமும் சொல்லி அனுப்புவது தமிழ் மக்களிடையே பழைய வழக்கம். இன்ன மருந்தைத் தேனிற் குழைத்து உண்ண வேண்டும், இன்னதை வெந்நீரிற் கலந்து பருக வேண்டும், இன்ன பண்டத்தை இத்தனை நாளுக்கு நீக்க வேண்டும் என்று விதிப்பது சித்த மருத்துவத்துக்கும் ஆயுள்வேதத்துக்கும் பொதுவான முறை. மருந்தோடு சேர்த்து உட்கொள்ளப்படும் தேன், பால் முதலியவற்றுக்கு அநுபானம் என்று பெயரும் உண்டு. குளிசைகள் வழக்கத்துக்கு வந்தபின் இந்தக் கட்டுப்பாடு பெரிதும் தளர்ந்தது. குளிசை ஒன்றில் இத்தனை மில்லிகிராம் மருந்து உண்டு என்று பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருக்கின்றது. அதனை எதனோடு விழுங்கினால் என்ன, உள்ளே போகும் அளவு ஒன்றுதானே என்று பலர் எண்ணலாயினர்.

இந்த எண்ணம் பல மருந்துகளைப் பொறுத்தவரை பிழையானது. விழுங்கும் அளவு வேறு. குருதியைச் சென்றடையும் அளவு வேறு. குருதியமுக்கத்தைத் தணிக்கும் பெலோடிபின் என்னும் மருந்தை ஓர் உதாரணமாகக் கொள்ளலாம். வாயால் விழுங்கப்பட்ட பெலோடிபினில் நூற்றுக்கு 15 பங்களவே உடலெங்கும் ஓடும் குருதியை அடைகின்றது. எஞ்சிய 85 பங்கும் வழியிலே உருமாறி அழிந்துபோகின்றது. மருந்தின் அளவை வகுப்பவர்கள் இந்த இழப்பையும் கணக்கிட்டே குளிசையின் அளவை நிச்சயிக்கிறார்கள். ஆகவே, வழியில் நிகழும் அழிவு ஏதோ ஒரு காரணத்தால் நின்றுவிட்டால், அளவான மருந்தே அளவுக்கு மிஞ்சிய மருந்தாகிவிடும். அழிவு பெருகிவிட்டாலோ மருந்து உண்டும் உண்ணாதவர் நிலையே நோயாளிக்கு ஏற்படும். இந்த அழிவைச் செய்வதில் முதலிடம் பெறுவது சைற்றோக்குறோம் பி-450 3ஏ4 என்னும் நொதியம். இது ஈரலில் மட்டுமன்றிச் சிறுகுடலின் சுவரிலும் இருந்து தொழில் செய்கின்றது.

நொதியம் என்பது உடலினுள் நிகழும் இரசாயன மாற்றங்களை விரைவுபடுத்தும் ஒரு புரதம். உணவைச் சமிபாடடையச் செய்யும் நொதியங்களைப் பற்றிப் பாடசாலை மாணவரும் அறிவர். உமிழ்நீரிலுள்ள நொதியம் மாப்பொருளை உடைக்கின்றது; இரைப்பையிலுள்ளது புரதத்தை உடைக்கின்றது. ஆனால் மனிதன் உண்பவற்றுள் உணவாகாத பொருள்களும் பல உள்ளன. தாவரங்கள் தம்மைத் தின்னவரும் பூச்சிகளையும் விலங்குகளையும் விரட்டுவதற்காக இலையிலும் விதையிலும் தோலிலும் கசப்பும் நஞ்சும் சேர்த்து வைக்கின்றன. பூஞ்சணங்கள் வேறு வகை நஞ்சுகளை உண்டாக்குகின்றன. இவற்றுட் பல கொழுப்பிற் கரைபவை, நீரிற் கரையாதவை. நீரிற் கரையாத பொருளைச் சிறுநீரோடு வெளியேற்றுதல் சிறுநீரகத்துக்கு இயலாது. எனவே அத்தகைய பொருள்களை நீரிற் கரையும் வகையில் மாற்றியமைத்தால் மட்டுமே உடல் அவற்றிலிருந்து தப்ப முடியும்.

இம்மாற்றம் இரண்டு படிகளில் நிகழ்வதை வேல்சு நாட்டிற் பிறந்த உயிரிரசாயன அறிஞர் ஆர். ரி. வில்லியம்ஸ் தெளிவுபடுத்தினார். உடல் நஞ்சை நீக்கும் முறைகளைப் பற்றி அவர் எழுதிய நூல் 1947 ஆம் ஆண்டிலும், விரிவான இரண்டாம் பதிப்பு 1959 ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. முதற்படியில் அந்நியப் பொருளின் மூலக்கூற்றிலே ஒட்சிசன் அணு ஒன்று பொருத்தப்படுதல் போன்ற ஒரு மாற்றம் நிகழ்கின்றது. இரண்டாம் படியில், அவ்வாறு உண்டான பிடியைப் பற்றிக்கொண்டு, நீரிற் கரையும் வேறொரு பொருள் அதனோடு இணைக்கப்படுகின்றது. சைற்றோக்குறோம் பி-450 இனத்தைச் சேர்ந்த நொதியங்கள் முதற்படியை நடத்துகின்றன.

பி-450 என்னும் பெயர் பிறந்த வரலாறு சுவையானது. 1958 ஆம் ஆண்டில், ஈரற் கலங்களிலிருந்து பிரித்தெடுத்த நுண்துணிக்கைகளில், காபனோரொட்சைட்டு வாயுவைப் பற்றிக்கொள்ளும் ஒரு நிறப்பொருள் இருப்பதை ஆராய்ச்சியாளர் கண்டனர். 1962 ஆம் ஆண்டில் யப்பானிய அறிஞர்களான ஒமுராவும் சாத்தோவும் அதனை ஆராய்ந்து, குருதியின் செந்நிறப் பொருளைப் போன்று இரும்பைத் தாங்கிய புரதமே அது என்று காட்டினர். காபனோரொட்சைட்டோடு சேர்ந்த நிலையில் அது 450 நனோமீற்றர் அலைநீளமுள்ள ஒளியை மிகுதியாக உறிஞ்சியமையால், நிறப்பொருள் என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தோடு அந்த எண்ணையும் சேர்த்துப் பெயரிட்டனர். அது ஒரு தனி நொதியமன்று, ஒரு பெருங்குடும்பம் என்பது பின்னர் தெரியவந்தது. அக்குடும்பத்தின் மூன்றாம் கிளையில், ஏ என்னும் உட்கிளையில், நான்காம் உறுப்பினராக எண்ணப்படுவது 3ஏ4. இது 503 அமினோவமிலங்கள் கோக்கப்பட்ட புரதம். நடுவில் இரும்பணு ஒன்று அமர்ந்திருக்க, அதனைச் சூழ்ந்து அகன்றதும் நெகிழ்ந்து கொடுப்பதுமான ஒரு குழி அமைந்துள்ளது. பல நொதியங்கள் ஒரு பூட்டுக்கு ஒரு திறப்பு என்பது போல ஒரே பொருளை ஏற்பவை. இதுவோ உருவத்தாலும் பருமனாலும் வேறுபட்ட பல பொருள்களைத் தன் குழியில் ஏற்று, ஒட்சிசனைப் பொருத்தி அனுப்பிவிடுகின்றது. இன்று வழங்கும் மருந்துகளுள் மூன்றிலொரு பங்கு முதல் அரைப்பங்கு வரையிலானவை இதன் கையில் அகப்படுபவை என்று கணிக்கப்பட்டிருக்கிறது.

நெடுங்காலமாக இவ்வேலை முழுவதும் ஈரலுக்கே உரியது என்று கருதப்பட்டது. அக்கருத்துக்கு நியாயமும் இருந்தது. குடலிலே உறிஞ்சப்படும் பொருள்கள் வாயினாளம் என்னும் குருதிக்குழாய் வழியாக முதலில் ஈரலையே அடைகின்றன. ஈரலிலிருந்து வெளிப்பட்ட பின்னரே அவை இதயத்துக்கும் பிற உறுப்புக்களுக்கும் செல்கின்றன. மேலும், குடல் முழுவதிலுமுள்ள 3ஏ வகை நொதியத்தைக் கூட்டினாலும் அது ஈரலிலுள்ளதன் நூற்றிலொரு பங்களவே ஆகும். அத்துணைச் சிறிய படையைப் பொருட்படுத்துவோர் இல்லாததில் வியப்பில்லை.

ஆயினும் படையின் தொகையைக் காட்டிலும் அது நிற்கும் இடம் முக்கியமானது. சிறுகுடலின் உட்சுவர் வழவழப்பான குழாயன்று. ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் உயரமுள்ள எண்ணிறந்த சடைமுளைகள் அதனுள்ளே நெருங்கி நிற்கின்றன. அவற்றை ஒற்றைக் கல அடுக்கொன்று போர்த்திருக்கின்றது. உண்ட மருந்து குருதியைச் சேர வேண்டுமானால் இந்தக் கலங்களின் ஊடாகவே செல்ல வேண்டும். சடைமுளையின் நுனியிலுள்ள முதிர்ந்த கலங்களிற்றான் 3ஏ4 மிகுந்திருக்கின்றது. சிறுகுடலின் மேற்பகுதியில் இது கூடுதலாகவும், கீழே செல்லச் செல்லக் குறைவாகவும் உள்ளது. அதே கலங்களில், உட்புகுந்த பொருளைத் திரும்பவும் குடலுக்குள்ளே தள்ளும் ஒரு பம்பியாகத் தொழிற்படும் புரதமும் இருக்கின்றது. தள்ளப்பட்ட மருந்து மறுபடியும் உள்ளே வரும்போது நொதியத்துக்கு மறுபடியும் ஒரு வாய்ப்புக் கிடைக்கின்றது. இவ்வாறு இரண்டும் சேர்ந்து வாயிலைக் காக்கின்றன.

இக்காவலின் வலிமையை வெளிப்படுத்தியது ஒரு தற்செயலான நிகழ்ச்சி. கனடாவில் ஒன்ராறியோ மாகாணத்தில் இலண்டன் என்று ஒரு நகரம் உண்டு. அங்கே மருந்தியல் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தவர் டேவிட் பெய்லி. இவர் இளமையில் பெயர்பெற்ற ஓட்டவீரர். ஒரு மைல் தூரத்தை நான்கு நிமிடத்துக்குட் கடந்த முதற் கனடியர் என்ற சிறப்பை 1966 ஆம் ஆண்டிற் பெற்றவர். பெலோடிபின் உண்பவர் மதுவும் அருந்தினால் என்ன நேரும் என்பதை அறிய இவரும் இவருடைய குழுவினரும் ஒரு பரிசோதனை நடத்தினர். தமக்குக் கொடுக்கப்படுவது மது கலந்ததா கலவாததா என்பது பரிசோதனைக்கு வந்தவர்களுக்குத் தெரியாதிருத்தல் வேண்டும். மதுவின் சுவையை மறைப்பதற்குப் பழச்சாறுகளைக் கலந்து பார்த்து, இறுதியிற் கிறேப்புறூட் என்னும் பழத்தின் சாற்றைத் தெரிந்தெடுத்தனர்.

முடிவுகள் 1989 ஆம் ஆண்டில் வெளியாயின. மது அருந்தியோர், அருந்தாதோர் ஆகிய இரு சாராருடைய குருதியிலும் பெலோடிபினின் அளவு எதிர்பார்த்ததைக் காட்டிலும் பல மடங்கு உயர்ந்து நின்றது. இருவருக்கும் பொதுவாயிருந்தது பழச்சாறு ஒன்றே. பெய்லி தம்மையே சோதனைக்கு உட்படுத்தி, நீரோடு ஒருமுறையும் சாற்றோடு ஒருமுறையும் மருந்தை உண்டு பார்த்தார். சாற்றோடு உண்டபோது குருதியிலிருந்த அளவு ஏறக்குறைய ஐந்து மடங்காயிற்று. பின்னர் குருதியமுக்கம் சற்று உயர்ந்திருந்த 6 ஆண்களிடம் செய்த ஆராய்ச்சி 1991 ஆம் ஆண்டில் லான்செற் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தது. நீரோடு உண்டபோது குருதியை அடைந்த அளவை 100 என்று கொண்டால், சாற்றோடு உண்டபோது அது சராசரியாக 284 ஆக இருந்தது. ஒருவருக்கு 164 ஆகவும் வேறொருவருக்கு 469 ஆகவும் வேறுபட்டது. தோடம்பழச்சாற்றுக்கு இந்தச் சக்தி இல்லை என்பதும் அதே ஆராய்ச்சியில் தெரிந்தது.

சாறு தடுப்பது ஈரலின் வேலையையா, குடலின் வேலையையா என்ற வினா அடுத்து எழுந்தது. மருந்தை ஊசிமூலம் நேரே குருதியிற் செலுத்தினால் அது குடற்சுவரைக் கடக்க வேண்டியதில்லை. அவ்வாறு செலுத்திப் பார்த்தபோது சாறு குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் செய்யவில்லை. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் வேறொரு வழியில் விடையை நெருங்கினர். ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சையில், பழைய ஈரலை அகற்றிப் புதியதைப் பொருத்தும்வரை, நோயாளியின் உடலில் ஈரலே தொழிற்படாத ஓர் இடைவேளை உண்டு. அந்த இடைவேளையில் இரண்டு நோயாளிகளின் சிறுகுடலிலே சைக்கிளோசுப்போரின் என்னும் மருந்தைச் செலுத்தி, வாயினாளத்துக் குருதியைச் சோதித்தனர். மருந்து அங்கே ஏற்கெனவே உருமாறியிருந்தது. ஈரல் இல்லாதபோதும் குடல் தனித்து நின்று இவ்வேலையைச் செய்கின்றது என்பதற்கு இதனினும் நேரான சான்று வேண்டியதில்லை. இதுவும் 1991 ஆம் ஆண்டிலேயே வெளியாயிற்று.

1997 ஆம் ஆண்டில் மிச்சிகன் குழுவினர் இன்னொரு படி முன்னேறினர். 10 ஆண்கள் நாளொன்றுக்கு மும்முறையாக 6 நாட்கள் கிறேப்புறூட் சாறு அருந்தினர். அவர்களின் சிறுகுடற் சுவரிலிருந்து எடுத்த நுண்ணிய துண்டுகளிலே 3ஏ4 புரதம் நூற்றுக்கு 62 பங்கு குறைந்திருந்தது. ஈரலின் தொழிலோ மாறாதிருந்தது. சாற்றிலுள்ள பூரனோகூமரின் என்னும் இனத்துப் பொருள்களே இதற்குக் காரணம். நொதியத்தின் குழிக்குள் அவை மருந்தைப் போலவே நுழைகின்றன. நொதியம் வழக்கம்போல ஒட்சிசனைப் பொருத்துகின்றது. ஆனால் அவ்வாறு பிறக்கும் புதிய பொருள் வெளியேறாமல் நொதியத்தையே இறுகப் பற்றிக்கொண்டு அதனைச் செயலிழக்கச் செய்துவிடுகின்றது. செயலிழந்த நொதியத்தைக் கலம் சிதைத்துவிடுகின்றது. குடற் கலம் புதிய நொதியத்தை ஆக்கிக்கொள்ள வேண்டும். அல்லது சில நாட்களே வாழும் அந்தக் கலம் உதிர்ந்து, புதிய கலம் அதனிடத்துக்கு வர வேண்டும். அதனாலேயே ஒரு குவளைச் சாற்றின் விளைவு ஒரு நாள் முழுவதும், சிலரிடத்தில் இரண்டு மூன்று நாட்கள்வரையும் நீடிக்கின்றது. காலையிற் சாறு, மாலையில் மருந்து என்று பிரித்து உண்டால் ஆபத்தில்லை என்று கருதுவது தவறென்பதை இது விளக்கும்.

இதனால் உயிருக்கே ஆபத்து நேருமா என்ற ஐயம் எழலாம். தெர்பெனடின் என்னும் மருந்தின் வரலாறு அதற்கு விடை கூறும். உறக்கம் வராமல் தும்மலையும் நீர்க்கோவையையும் தணிக்கும் மருந்தென்று பேர்பெற்று, 1985 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் அது அநுமதி பெற்றது. உண்மையில் நோயைத் தணித்தது தெர்பெனடின் அன்று. 3ஏ4 நொதியம் அதனை மாற்றி உண்டாக்கிய வேறொரு பொருள். மாற்றம் அத்துணை முழுமையாக நிகழ்ந்தமையால், மாறாத தெர்பெனடின் குருதியிற் பெரும்பாலும் காணப்படுவதேயில்லை. ஆனால் அந்நாட்டுப் பெண்ணொருவர் பூஞ்சண நோய்க்காகக் கீற்றோகொனசோல் என்னும் மருந்தையும் சேர்த்து உண்டார். அம்மருந்து 3ஏ4 ஐத் தடுப்பது. இரண்டு நாட்களாக அவருக்கு மயக்கம் வந்தது. இதயத் துடிப்பின் ஒழுங்கு ஆபத்தான வகையிற் குலைந்திருந்ததை வைத்தியர் கண்டனர். மாறாமல் எஞ்சிய தெர்பெனடினே இதயத்தைத் தாக்கியது. 1990 ஆம் ஆண்டில் இச்செய்தி மருத்துவ உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. கிறேப்புறூட் சாறும் குருதியில் தெர்பெனடினை எஞ்சச் செய்யும் என்பது பின்னர் அறியப்பட்டது. 1998 ஆம் ஆண்டில் அம்மருந்து அமெரிக்கச் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. நொதியம் மாற்றி உண்டாக்கிய அந்தப் பொருளே பெக்சோபெனடின் என்னும் பெயரில் நேரடியாக மருந்தாக்கப்பட்டு இன்றும் வழங்கிவருகின்றது.

காவலன் அயர்ந்தால் நேரும் தீங்கு இது. காவலன் அளவுக்கு மிஞ்சி ஊக்கங்கொண்டாலும் தீங்கு உண்டு. அந்நியப் பொருள்கள் வந்திருப்பதை உணர்ந்து, கூடுதலான நொதியத்தை ஆக்குமாறு கலத்தின் கருவிலே கட்டளையிடும் ஒரு புரதம் இருப்பது 1998 ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. கசநோய்க்குக் கொடுக்கப்படும் ரிபாம்பிசின் இந்தப் புரதத்தை மிக வலுவாகத் தூண்டுகின்றது. ரிபாம்பிசின் சில நாட்கள் உண்டவர்களுக்கு, உறக்கம் தரும் மிடசோலாம் என்னும் மருந்தை வாயாற் கொடுத்துப் பின்லாந்து நாட்டவர் சோதித்தனர். வழக்கமாகக் குருதியிற் காணப்படும் அளவில் நூற்றுக்கு 4 பங்களவே எஞ்சியிருந்தது. கருத்தடைக் குளிசைகள் பயனற்றுப்போதல், உறுப்பு மாற்றம் பெற்றோருக்கான மருந்துகள் வலுவிழத்தல் ஆகியவை இத்தகைய தூண்டலால் நேரக்கூடியவை.

இத்தூண்டலைச் செய்வன மருந்துக் கம்பனிகளின் பொருள்கள் மட்டுமல்ல. மேல்நாடுகளில் மனச்சோர்வுக்கு உண்ணப்படும் சென் ஜோன்ஸ் வோட் என்னும் மூலிகையும் அவ்வாறே செய்கின்றது. இதய மாற்றுச் சிகிச்சை பெற்ற இருவர் இம்மூலிகையை உண்டதனால் அவர்களின் குருதியிலே சைக்கிளோசுப்போரின் குறைந்து, உடல் புதிய இதயத்தை ஏற்க மறுக்கத் தொடங்கிய செய்தி சுவிற்சலாந்திலிருந்து 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தது. பச்சிலைதானே, யாது தீங்கு செய்யும் என்று கருதி வைத்தியருக்குச் சொல்லாமல் விடுவோர் இந்நிகழ்ச்சியை நினைவிற் கொள்ளுதல் நன்று.

நொதியத்தின் இயல்பை அறிந்தபின் அதனை நன்மைக்குப் பயன்படுத்தவும் மருத்துவர் கற்றுக்கொண்டனர். எயிட்சு நோயின் வைரசுக்கு எதிராக ஆக்கப்பட்ட ரிற்றோனவிர் என்னும் மருந்து 3ஏ4 ஐ வலுவாகத் தடுப்பது. அதனைச் சிறிதளவாகப் பிற மருந்துகளோடு சேர்த்துக் கொடுத்தால் அம்மருந்துகள் அழியாமல் நீண்ட நேரம் குருதியில் நிலைக்கின்றன. கொவிட் நோய்க்கென 2021 ஆம் ஆண்டில் வழக்கத்துக்கு வந்த நிர்மாத்திரல்விர் குளிசையோடு ரிற்றோனவிர் சேர்த்துக் கொடுக்கப்படுவதன் காரணமும் இதுவே.

இக்காவலனை எப்பொழுதும் நண்பன் என்று கூறிவிடவும் இயலாது. ஈரமாயிருந்து பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையிலும் கொப்பறாவிலும் உண்டாகும் அவ்லாரொட்சின் என்னும் நஞ்சை 3ஏ4 முதலிய நொதியங்கள் மாற்றும்போது, முன்னதிலும் கொடிய ஒரு பொருள் பிறந்து கலத்தின் பரம்பரைப் பொருளைத் தாக்குகின்றது. 1960 ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே பழுதடைந்த நிலக்கடலைப் பிண்ணாக்கை உண்டு ஓரிலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மடிந்த பின்னரே இந்த நஞ்சு உலகுக்குத் தெரியவந்தது. நஞ்சு, மருந்து என்ற வேறுபாட்டை நொதியம் அறியாது. குழிக்குட் பொருந்துவதற்கு ஒட்சிசனைப் பொருத்துவது ஒன்றே அதன் தொழில். பெரும்பாலும் அது நன்மையாக முடிகின்றது. சிலபோது தீமையாக முடிகின்றது.

கிறேப்புறூட் இலங்கையில் அதிகம் உண்ணப்படாத பழமாயிற்றே என்று நேயர்கள் எண்ணக்கூடும். மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான பாபடோசிலே பதினெட்டாம் நூற்றாண்டில், பம்பளிமாசும் இனிப்புத் தோடையும் கலந்து பிறந்தது அப்பழம். பூரனோகூமரின் அதற்குக் கிடைத்தது பம்பளிமாசு வழியாகவே. வீட்டுத் தோட்டங்களில் வளரும் பம்பளிமாசிலும், பழப்பாகு செய்ய உதவும் கசப்புத் தோடையிலும் அப்பொருள்கள் உண்டு. பழத்துக்குப் பழம் அளவு வேறுபடும். மனிதருக்கு மனிதர் குடலிலுள்ள நொதியத்தின் அளவும் வேறுபடும். குடலில் நொதியம் மிகுந்துள்ளவருக்கே சாற்றினால் நேரும் மாற்றமும் மிகுதி. அவர் யார் என்பதை வெளித்தோற்றத்தால் அறிய வழியில்லை.

இதனாற் பழங்களை வெறுத்தொதுக்க வேண்டியதில்லை. மருந்துகள் யாவும் இவ்வாறு பாதிக்கப்படுவனவும் அல்ல. கொழுப்பைக் குறைக்கும் மருந்துகளுள் சிம்வாசுற்றற்றின் பெரிதும் பாதிக்கப்படும். அளவு மிஞ்சினால் தசைகள் சிதையவும் கூடும். அதே தேவைக்குரிய பிரவாசுற்றற்றின் இதற்கு அகப்படாது. இவ்வாறு மாற்று மருந்து இருக்கும்போது பழத்தையும் இழக்க வேண்டியதில்லை. எவரும் தாமாக மருந்தை நிறுத்துவதோ அளவை மாற்றுவதோ பெரும் பிழையாகும். செய்ய வேண்டியது இலகுவான ஒன்றே. நாட்பட்ட நோய்க்கு மருந்து உண்போர், தாம் உண்ணும் ஏனைய குளிசைகளையும், கைமருந்துகளையும், வழக்கமாகப் பருகும் பழச்சாறுகளையும் ஒன்றும் விடாமல் வைத்தியரிடமோ மருந்தாளரிடமோ சொல்லுதல் வேண்டும். அவர்கள் கேட்காவிட்டாலும் சொல்லுதல் வேண்டும்.

பழைய வைத்தியர் நாடி பார்த்தபின் என்ன உண்கிறாய் என்று கேட்பது வழக்கம். 3ஏ4 என்னும் நொதியத்தை அவர் அறிந்திருக்கவில்லை. அவர் விதித்த பத்தியங்கள் எல்லாம் இதனால் மெய்யாகிவிடுவதும் இல்லை. ஆனால் மருந்துக்கும் உணவுக்கும் வயிற்றில் வழி ஒன்றே என்பதை அவர் மறந்ததில்லை. குளிசைப் பெட்டியின்மேல் அச்சிட்ட எண் அந்த வழியின் தொடக்கத்தையே குறிக்கின்றது. குருதியை அடையும் எண்ணைக் குடற்சுவரிலுள்ள காவலனும் அவனுக்கு அன்றாடம் அனுப்பப்படும் உணவும் சேர்ந்தே நிச்சயிக்கின்றன.